வாஞ்சூருக்கு அந்தப் பக்கம்

சேக் மைதீனின் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். எத்தனை மணிக்குப் புறப்பட்டால் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம், வாந்தி எடுக்கிற பிள்ளையை வேனில் எந்த சீட்டில் உட்கார வைப்பது, வழியில் எந்த ஹோட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற பிரிவு அவர் பொறுப்பு. வாளி, குடம், முக்காலி என்று எதை எந்த லாரியில் எப்படி அடுக்கினால் இடம் மிச்சமாகும் என்று இருபத்தாறு வருஷமாக மண்டையைக் குடைந்தவர், சொந்தக்காரர்களையும் அதே முறையில் வேனுக்குள் அடுக்கிவிடுவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று அவரே சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சுவலி வந்து பிழைத்த வருஷம், ஆண்டுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு நாகூர் தர்காவுக்கு வருவதாக நேர்ந்துகொண்டார்கள். அத்தா அதற்குப் பிறகு ஏழு வருஷம் நன்றாக இருந்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். நேர்ச்சை மட்டும் நிற்கவில்லை. பதினோரு தடவை போயாயிற்று. பன்னிரண்டாவது பயணத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேக் மைதீன் ஒரு தாளைத் தேடினார். கைக்கு அகப்பட்டது மனைவியின் அளவு நோட்டு.

மனைவி சாயிரா பானு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். பழங்காநத்தத்தில் அந்த நாலு தெருவிலும் யாருக்கு ஜாக்கெட் சரியாக உட்கார்ந்திருந்தாலும் அது அவள் கைவேலைதான். நோட்டின் முன்பக்கம் முழுக்கக் கழுத்து, தோள், கை என்று அளவுகள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே வேறு ஏதோ எழுதியிருந்தது.

நாகப்பட்டினம், காரைக்கால். ரெண்டு நாள்.

முதல் நாள். மாட்டுத்தாவணி காலை 7 மணி பஸ். மத்தியானத்துக்கு மேல் நாகப்பட்டினம். லைட் ஹவுஸ், மேலே ஏற விடுவார்களா கேட்கணும். படகு கரைக்கு வருகிற நேரம் எது. கடற்கரை, இருட்டுகிற வரை. தங்குவது பாண்டீஸ்வரி வீடு.

ரெண்டாம் நாள். காரைக்கால் பஸ், கடல் வலது பக்கம். வாஞ்சூர் தாண்டினதும் கவனிக்கணும். போலீஸுக்குச் சிவப்புத் தொப்பியா? தெருப் பெயர்களைப் படிக்கணும். ஆறு கடலில் சேருகிற இடம். சும்மா நடப்பது.

ஆள்: 1.

சேக் மைதீன் முதலில் அதைத் தொழில்காரனின் கண்ணோடுதான் படித்தார். திட்டம் நன்றாக இருந்தது. எரிச்சல் வந்ததற்கு அதுவே முதல் காரணம். வெயில் நேரத்தில் பயணம், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரை என்று அவர் போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பார். ஒரே ஒரு குறை கண்ணில் பட்டது. சாப்பாடு எங்கே? காலையில் எங்கே, மத்தியானம் எங்கே, என்ன சாப்பிடுவது என்று ஒரு வரி இல்லை. அவர் எழுதுகிற பட்டியலில் முதல் வரியே அரிசி எத்தனை படி என்றுதான் இருக்கும். சோறு இல்லாமல் ஒரு டூர் திட்டத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிறகுதான் கடைசி வரியில் இருந்த அந்த ஒன்று உறைத்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். திருமங்கலத்துக்கு மேல் சாயிரா தனியாகப் போனதில்லை. அவள் ஏன் ஒரே ஒரு ஆளுக்குத் திட்டம் போடுகிறாள்? கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கத்திவிட்டுக் காப்பி குடித்திருப்பார். வந்தது கோபமில்லை. தன்னைச் சேர்க்கவில்லையே என்று சின்னப்பிள்ளை போல ஒரு வருத்தமும், எதற்காக என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போன்ற ஒரு அரிப்பும்தான் வந்தன. நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தார். காரைக்கால் பக்கம் இப்போது ரோடெல்லாம் நன்றாகப் போட்டிருக்கிறார்களாம் என்றார். அப்படியா என்று கேட்டுவிட்டு, ரசம் ஊற்றவா என்றாள் சாயிரா. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு உன்னிப்பாகத் தான் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது, அது வேறு சங்கடமாக இருந்தது.

மகள் ருமானா பசுமலையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்கப் போனால், நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டீர்களா அத்தா என்று நேராகவே கேட்டுவிட்டாள். பாண்டீஸ்வரி யார் என்பது மட்டும் அவளிடமிருந்து கிடைத்தது. சாயிராவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இப்போது நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருக்கிறாள், இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு நாள் போனில் பேசுவார்கள். மற்றதை அம்மாவிடமே கேளுங்கள், கேட்டால் சொல்லும் என்று ருமானா முடித்துவிட்டாள். கேட்டால் தெரிந்துவிடுகிற விஷயத்தைக் கேட்காமலே கண்டுபிடிக்க நினைப்பது ஆண்பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஒரு வியாதி. சேக் மைதீனுக்கு அது முற்றிப் போயிருந்தது.

மறுநாள் கம்பெனியில் பாலமுரளியிடம் சொன்னார். பாலமுரளி ஸ்டோர் கீப்பர், சௌராஷ்டிராக்காரர், இருவரும் இருபது வருஷமாக ஒரே மேஜையில் டிபன் பாக்ஸ் திறக்கிறவர்கள். அவர் புளியோதரையை மென்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இது நிச்சயமாக வேண்டுதல்தான். தன் மனைவி ஹம்சவேணியும் மகன் பரீட்சைக்காக ரகசியமாக ஒரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டு ஒன்பது வாரம் போய் வந்தாள், வெளியே சொன்னால் பலிக்காது என்று மூச்சு விடவில்லை. காரைக்காலிலும் ஒரு தர்கா இருக்கிறதே அண்ணே, அங்கேதான் ஏதாவது நேர்ந்திருப்பார்கள் என்றார்.

சேக் மைதீனுக்கு மனசு லேசாகிவிட்டது. நேர்ச்சை என்றால் சரி. நேர்ச்சைக்கும் லைட் ஹவுஸுக்கும் என்ன சம்பந்தம், எந்த வேண்டுதலில் போலீஸ்காரன் தொப்பி வருகிறது என்றெல்லாம் அவர் யோசித்திருக்கலாம். நிம்மதி தருகிற பதில் கிடைத்த பிறகு எவன் யோசிப்பான்? பாவம், வாய் திறந்து கேட்கத் தெரியாமல் தனியாகப் போக நினைத்திருக்கிறாள், நாமே முன்னின்று நடத்திக் கொடுப்போம் என்று அவருக்குள் இருந்த டூர் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே 'நாகூர் வேன்' என்ற குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். இந்த வருஷம் நாகூரோடு நாகப்பட்டினம், காரைக்கால் இரண்டையும் சேர்த்து இரண்டு நாள் டூர், எல்லாம் சாயிராவின் ஆசைக்காக என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்கு அவர் பூ வைத்தது அதுதான் இரண்டாவது தடவையாக இருக்கும்.

ஒரு மணி நேரத்தில் பதினேழு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவருடைய பெரியக்கா ஜைனம்பு எழுதாமல் குரலில் பேசியே அனுப்பியிருந்தார். முதல் நாள் மத்தியானம் கறிச்சோறு, ராத்திரிக்கு இடியாப்பமும் பாயாவும், மறுநாள் காரைக்கால் கடற்கரைக்கு எடுத்துப் போக நெய்ச்சோறு. சாயிரா கைப்பக்குவத்தில் கடல் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த ருசியே தனி, மாஷா அல்லாஹ். மற்றவர்கள் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

குழுவில் போடுவதற்கு ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. சாயிரா கடற்கரையில் நிற்கிற படமாக இருந்தால் பொருத்தமாக இருக்கும். நாகூர் தர்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் சில்லடிக் கடற்கரை இருக்கிறது. வருஷா வருஷம் வேன் கும்பல் மொத்தமும் அங்கே போய்க் காலை நனைத்து, வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்ளும். எடுப்பவரும் சேக் மைதீன்தான். படமெல்லாம் போனில் பத்திரமாக இருந்தது. தேடத் தெரியாமல் ருமானாவைக் கூப்பிட்டார். அவள் திரையில் அம்மா முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த முகம் இருக்கிற படங்களை எல்லாம் போன் தானாகவே எடுத்துக் கொட்டிவிட்டது.

கல்யாணங்கள், பெருநாள்கள், ருமானாவின் பள்ளிக்கூட ஆண்டு விழா, மிஷின் முன்னால், மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது. இருநூறு படத்துக்கு மேல் இருந்தன. சேக் மைதீன் முதலிலிருந்து கடைசி வரை தள்ளினார், மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை தள்ளினார். கடல் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. நாகூரில் எடுத்தவை நாலே நாலு. நாலும் லாட்ஜின் பின்கட்டில் எடுத்தவை. அடுப்பில் தேக்சா, அந்தப் பெரிய பாத்திரத்துக்குள் கரண்டி, ஆவிக்கு நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாயிரா. ஒரு படத்தில் முகம்கூட இல்லை, முதுகுதான் இருந்தது. போன் அவளை எப்படி அடையாளம் கண்டதோ தெரியவில்லை.

இது போனின் தப்பு என்று நினைத்து, சில்லடிப் படங்களைத் தனியாக எடுத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். பதினோரு வருஷம். அக்கா இருக்கிறார், அக்காவின் மருமகள் இருக்கிறாள், அந்தந்த வருஷத்துக் கைக்குழந்தை இருக்கிறது. ஒரு வருஷம் வேன் டிரைவர் காளைகூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கிறார். சாயிரா எதிலும் இல்லை.

"அம்மா ஒரு தடவகூட வரலயா?" என்று கேட்டார்.

"அப்பத்தேன் சோறு இறக்குற நேரம் அத்தா" என்றாள் ருமானா. அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. யாருக்கு எந்த சீட்டு, யாருக்குச் சர்க்கரை இல்லாத டீ என்று பார்த்துப் பார்த்துச் செய்தவருக்கு, இத்தனை வருஷமும் தன் பெண்டாட்டி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இதைச் சரி செய்துவிடலாம், எப்படிச் செய்வது என்று அப்போதும் அவர் மூளை பட்டியல் போடத்தான் ஓடியது.

உள்ளறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் நின்றதும் சாயிரா காலை எடுத்தாள். அவளுடைய போன் துணிக் குவியலின் மேல் கிடந்தது. ரோஜாப்பூ வரை எல்லாம் பார்த்திருந்தாள்.

"எம்புட்டுப் பேரு?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"கறி எம்புட்டு எடுக்கணும்னு அக்காட்டக் கேட்டுக்கங்க. போன தடவ பத்தாமப் போச்சு."

ஒரு சுடுசொல் இல்லை. அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஊசிக்குக் கீழே துணியைத் திருப்பி வைத்து, மறுபடி மிதிக்கப் போனாள். சேக் மைதீன் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். நோட்டைப் பார்த்ததைச் சொன்னார். தெரியும் என்றாள் அவள்; பேனாவை அந்தப் பக்கத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தாராம். ஏதாவது நேர்ச்சையா என்று கேட்டார். இல்லை என்றாள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? அதுவும் இல்லை. என்மேல் ஏதாவது கோபமா என்று கடைசியாகக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். நாகூரில் அவர்கள் வழக்கமாகத் தங்குகிற லாட்ஜின் பின்கட்டுச் சுவர் இடுப்பு உயரம்தான். அடுப்படியில் நின்றால் வெளியே ரோடு தெரியும். கிண்டிக் கிண்டித் தோள் கடுக்கிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு பஸ் போகும். காரைக்கால் என்று போர்டு போட்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து அதே பஸ்ஸோ இன்னொன்றோ அங்கிருந்து திரும்பி வரும். உள்ளே இருப்பவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள், சிலர் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். நாகூர் தாண்டி வாஞ்சூர், வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம் என்று லாட்ஜில் பெருக்க வருகிற பெண் சொல்லியிருக்கிறாள். போலீஸ்காரர் தொப்பிகூட வேறு நிறமாம். கூப்பிடு தூரத்தில் அது எப்படி வேறு மாநிலமாகும், கோடு போட்டிருப்பார்களா, அந்தப் பக்கத்து மண் இந்தப் பக்கத்து மண் மாதிரிதான் இருக்குமா என்று அவளுக்கு ஒரே யோசனை.

"மூணாவது வருசம் ஒங்ககிட்டக் கேட்டேன். அந்தப் பக்கம் என்னங்க இருக்குன்னு. அங்க ஒண்ணும் இல்லன்னீங்க."

சேக் மைதீனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். அவர் சொல்லக்கூடியதுதான்.

"நீங்க காரைக்காலுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"பெறகு எப்படித் தெரியும்?"

கம்பெனியில் எந்த டிரைவர் எந்தக் கேள்வி கேட்டாலும் வாய் கூசாமல் பதில் சொல்கிற மனிதர், ஒரு ஜாக்கெட் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஊருன்னு இருந்தா அதுல சனம் இருக்கும், தெரு இருக்கும், ஒரு டீக்கடையாவது இருக்கும். ஒண்ணுமே இல்லாம எப்படிங்க இருக்கும்? ஒம்பது வருசமா இதத்தேன் யோசிக்கிறேன்" என்றாள் சாயிரா.

இருபத்துநாலு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிற பெண்ணின் தலைக்குள் இப்படி ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. இன்னும் என்னென்ன ஓடுகிறதோ என்று முதல் முறையாக ஆச்சரியப்பட்டார். குழுவில் போட்டதை உடனே ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார். வேன் வேண்டாம், தேக்சா வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும் போவோம், நீ கரண்டியையே தொட வேண்டாம், லைட் ஹவுஸில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை நான் விசாரித்து வைக்கிறேன், படகு காலையில்தான் கரைக்கு வரும், அதனால் முதல் நாள் இதை மாற்றி இரண்டாம் நாள் அதை வைத்தால் என்று அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார்.

"வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"நான் ஒரு எடத்தப் பாக்குறதுக்கு முன்னாடியே அது என்னன்னு நீங்க சொல்லிருவீங்க. அதுக்கப்புறம் நான் பாக்க என்ன இருக்கு?"

அதைக் கெஞ்சாமலும் குத்தாமலும் சொன்னாள். அதனாலேயே அது நேராகப் போய்த் தைத்தது. சேக் மைதீன் வெளியே வந்து, தெருமுனைக் கடையில் அவருக்கு ஆகவே ஆகாத இஞ்சி டீயை முழுசாகக் குடித்தார்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்படித் திரிந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்தார். வேன் எப்போதும் போல நாகூருக்கு மட்டும்தான், அதுவும் ஒரு மாதம் தள்ளி. இந்தத் தடவை அங்கேயே சமையலுக்கு ஆள் பிடிப்பதாக ஏற்பாடு. சாயிரா வரவில்லை என்று குழுவில் எழுதினார். எழுதிவிட்டு அனுப்புவதற்குள் கை இரண்டு தடவை பின்வாங்கியது. பத்து நிமிஷத்தில் ஜைனம்பு அக்கா கூப்பிட்டார். சாயிராவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஆரம்பித்து, யாரோ ஆக்கிப் போடுகிற சோறு யாருக்குப் பிடிக்கும், அத்தா இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்பது வரைக்கும் போனார். சேக் மைதீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, பதினோரு வருசமா நாம அங்க போயி காலு நனச்சோம். அவ ஒரு தடவ நனைக்கல. நம்ம ஒருத்தருக்கும் அது கண்ணுல படல" என்றார்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அக்கா முணுமுணுத்தார். சொன்னாளா சொல்லவில்லையா என்று தனக்கே தெரியவில்லை என்றார் சேக் மைதீன். போனை வைக்கும்போது அக்காவின் குரலில் பாதிக் கோபம்தான் மிச்சமிருந்தது. அந்தப் பாதி இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும். அக்காவை அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிய கையோடு போனில் காரைக்கால் என்று தட்டினார். கடற்கரை, தெருக்கள், தொப்பி என்று படங்கள் வரிசையாக வந்து விழத் தயாராகச் சக்கரம் சுற்றியது. சட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டார். என்ன அண்ணே, நெட் இல்லையா என்றார் பாலமுரளி. நெட் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை என்றார். பார்க்க ஆசைதான். ஆனால் அவள் ஒன்பது வருஷமாகப் பார்க்காமல் வைத்திருக்கிற ஊரை, அவளுக்கு முன்னால் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து பார்த்துவிடுவது ஏதோ திருட்டுப் போலப் பட்டது. பாலமுரளிக்கு இது விளங்கவில்லை. வேண்டுதலே இல்லையா, நான் சொன்னது தப்பா என்று அவர் கவலை அவருக்கு.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் நாகப்பட்டினம் பஸ் நின்றுகொண்டிருந்தது. சாயிரா ஒரு தோள்பை மட்டும் எடுத்து வந்திருந்தாள். சேக் மைதீன் கொண்டு விடத்தான் வந்தார். அதற்கே வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், தஞ்சாவூரில் எத்தனை நிமிஷம் நிறுத்துவான், நாகையில் எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டரிடம் போய், பார்த்து இறக்கிவிடுங்கள் என்று சொல்ல இரண்டு எட்டு வைத்தவர், சாயிரா பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். புதுசாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அவள் முகத்தில் பயமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன. அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போல அவருக்கு இருந்தது.

"போயிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை செய்தும் இதிலும் நமக்குப் பங்கில்லையா என்று நினைத்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். சாயிரா ஜன்னலுக்கு வெளியே குனிந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி பேசினாள்.

"சொல்லிட்டா ஒங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது. மொதல்ல நான் பாத்துட்டு வாரேன். பிடிச்சிருந்தா அடுத்த மாசம் ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ என்னையவா?"

"ஆமா."

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் சேக் மைதீன். அவருக்கு அதைத் தவிர வேறு கேட்கத் தெரியவில்லை.

"ஒண்ணும் செய்ய வேணாங்க. கூட வந்தாப் போதும்."

பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலை நோக்கிப் போனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வேலையும் வைக்காமல் அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. வேனைப் பிடி, இடத்தைப் பார், அரிசியை வாங்கு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் அதற்காகத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா கூடப் போவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, பயமாகக்கூட இருந்தது. இருந்தாலும் அவளுக்கு அந்த ஊர் பிடிக்க வேண்டுமே என்று துஆ செய்துகொண்டே பழங்காநத்தம் பஸ்ஸைத் தேடி நடந்தார்.